பாக்கலாமும் பாத்துக்கலாமும்

1

இந்தக் கதை எனக்குப் படிக்கட்டில் கிடைத்தது. யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எனக்குத் தையல் கடை. கடைக்கு மேலே ஒரு சின்னக் கட்டுமான நிறுவனத்தின் அலுவலகம். மேலே போக ஒரே படிக்கட்டு. அது என் கடைச் சுவரை உரசிக்கொண்டு ஏறுகிறது. சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வெறும் பலகைதான். தையல் மெஷினை நிறுத்தினால் போதும், மேலே யார் யாரை என்ன கேட்டார் என்பது தெளிவாகக் கேட்கும். நான் மெஷினை அடிக்கடி நிறுத்துகிறவள். ஊசி உடைந்துவிட்டது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

எங்கள் தேவாலயத்துத் தமிழ்ச் சமூகம் வருடா வருடம் ஒரு ஆண்டு மலர் போடும். போன வருட மலரில் நான் எழுதிய கதையில் வந்த மாமியார் தான்தான் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சண்டைக்கு வந்தார்கள். அதனால் இந்த வருடம் மலர்க்குழு என்னிடம், "யார் மனசும் நோகாத மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டுக்கொண்டது. கட்டுமானத் தொழிலில் சப்கான்களுக்குப் பணம் கொடுக்கிற நடைமுறையைப் பற்றி எழுதினால் யார் மனம் நோகப் போகிறது என்று நினைத்தேன்.

எவ்வளவு வெகுளி பாருங்கள் நான்.

2

தொடக்கம் மூன்று முறை மாறியது. மறைக்க ஒன்றுமில்லை, மூன்றையும் இங்கேயே வைக்கிறேன்.

"பொன்னிறக் கதிர்கள் தஞ்சோங் பகாரின் கண்ணாடிக் கோபுரங்களைத் தழுவிய அந்த இனிய காலைப் பொழுதில் டானியலா துள்ளியெழுந்து" [விட்டுவிட்டேன். டானியலா துள்ளியெழுந்ததாக அவள் அம்மாவே சாட்சி சொல்ல மாட்டாள்.]

"சப்கான் எனப்படுபவர் யாரெனில், முதன்மை ஒப்பந்தக்காரரிடமிருந்து பணியின் ஒரு பகுதியை" [தூக்கம் வருகிறது.]

"டானியலா கோபமாக இருந்தாள், ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்." இது நிற்கட்டும். இதுதான் அவள்.

டானியலா மேல்மாடி அலுவலகத்தில் வேலை செய்கிறவள். நிறுவனம் அவளுடைய தாய்மாமா ஜூலியஸுடையது. அவர் ஒரு கட்டடத்தின் புதுப்பிப்பு வேலையை மொத்தமாக எடுப்பார். மின்சாரத்தை ஒருவரிடம், சுவருக்குச் சாயம் பூசுவதை ஒருவரிடம், டைல்ஸை ஒருவரிடம் பிரித்துக் கொடுப்பார். அப்படி வாங்கிச் செய்கிறவர்தான் சப்கான். செய்த வேலைக்குச் சப்கான் எழுத்தில் பணம் கேட்பார், அதற்குக் கிளெய்ம் என்று பெயர். எவ்வளவு கொடுக்கிறோம், எதைப் பிடித்துக்கொள்கிறோம், ஏன் பிடிக்கிறோம் என்று குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் போட வேண்டும். போடாமல் இருந்துவிட்டால், பின்னால் நடுவர் முன்னால் போய்க் காரணம் சொல்ல வாய் இருக்காது. சட்டம் அப்படி. அந்தப் பதிலை எழுதிக் கீழே தன் பெயரைப் போடுகிறவள் டானியலா. அதற்கு முன்னால் சப்கானிடமிருந்து காப்புறுதித் தாள் வந்ததா, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வந்ததா, ஆட்களுக்குச் சம்பளம் போட்டதற்கு ஆதாரம் வந்ததா என்று துரத்துகிறவளும் அவள்தான். துரத்திவிட்டு, பசியோடு என் கடைக்கு இறங்கி வருவாள். மதியச் சாப்பாடு தினமும் என் வெட்டுமேசையில்தான். மஞ்சள் கறை பட்டால் துடைத்துவிட்டுப் போவாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டைல்ஸ் சப்கானின் பெயர் இளமதி. உட்லண்ட்ஸ்காரி, நாற்பதைத் தாண்டியவள். வேனும் அவளே ஓட்டுவாள், கிளெய்மும் அவளே எழுதுவாள், இரண்டிலும் வேகம் அதிகம். என் கடையில்தான் ப்ளவுஸ் தைப்பாள். காப்புறுதித் தாளைக் கேட்டால் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவாள். தாளின் ஓரத்தில் மீன் குழம்புச் சட்டி தெரியும். "அக்கா, ஸ்கேன் பண்ணி அனுப்புங்க" என்று டானியலா கெஞ்சினால், அடுத்த முறை சட்டி இருக்காது. தாளில் குழம்பு தெறித்திருக்கும்.

[இந்தப் பத்தியை இளமதிக்கு அனுப்பினேன். பதிலாக வந்த குரல்செய்தி: "அக்கா, அது மீன் குழம்பு இல்ல. சம்பல் சோத்தோங். எழுதுறதுதான் எழுதுறீங்க, கரெக்ட்டா எழுதுங்க லா." மீனைக் கணவாயாகத் திருத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள்.]

3

இனி நடந்தது. நான் அங்கே இல்லை. டானியலா மூன்று முறையும் இளமதி ஏழெட்டு முறையும் சொன்னதை வைத்துத் தைத்திருக்கிறேன்.

தஞ்சோங் பகாரில் ஒரு பல் மருத்துவமனையைப் புதுப்பிக்கிற வேலை. இரண்டு கழிவறைகளுக்கு டைல்ஸ் போடுவது இளமதியின் பொறுப்பு. ஒரு கழிவறை முடிந்து இரண்டாவது நடந்துகொண்டிருந்தபோது, கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஏறி வந்து தன் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்று கத்தினார். தேடிப் பார்த்தால் ஒழுகுவது கழிவறை இல்லை, பக்கத்தில் ஊழியர்கள் டீ போடுகிற பேன்ட்ரியின் தரை. அந்தத் தரையை உடைத்து, நீர்க்காப்பு பூசி, மறுபடியும் டைல்ஸ் போட்டால்தான் சரியாகும். அது இளமதியின் ஒப்பந்தத்தில் இல்லை.

ஜூலியஸ் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பக்கம் இளமதி, இந்தப் பக்கம் டானியலா. டானியலா அன்றைக்குப் பயிற்சிச் சான்றிதழ்களைச் சரிபார்க்க வந்திருந்தாள். பக்கத்துக் கழிவறைக்குள் தரை உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாஸ், பேன்ட்ரி என் ஸ்கோப்ல இல்ல. ஒரு வரி எழுதிக் குடுங்க, இன்னிக்கே ஒடச்சிடுறேன்."

"எழுதுறதெல்லாம் அப்புறம் மதி. அவன் கத்துறான் பாரு. நீ செஞ்சிடு, பாத்துக்கலாம்."

இளமதி செய்துவிட்டாள். நன்றாகவும் செய்தாள். கீழ்க்கடைக்காரரே மேலே வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக் குளியலறைக்கு என்ன விலை ஆகும் என்று கேட்டாராம்.

(ஒரு பக்கக் குறிப்பு. ஜூலியஸ் கெட்டவர் இல்லை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாங்கித் தந்தவர். பூசையில் வாசகம் வாசிக்கிறவர். இந்த மலரின் பின்னட்டை முழுக்க அவருடைய விளம்பரம்தான், படத்துடன். அவரை யாரும் கஞ்சன் என்று சொன்னதே இல்லை. அவர் எதிரில்.)

4

கிளெய்ம் வந்தது. கடைசி வரி: பேன்ட்ரி தரை, கூடுதல் வேலை.

நான் மெஷினை நிறுத்தினேன்.

"அந்த வரிக்கு நேரா சைபர் போடு," என்றார் ஜூலியஸ்.

"மாமா, நீங்கதான செய்யச் சொன்னீங்க."

"செய்யச் சொன்னேன். காசு தர்றேன்னு சொன்னேனா? பாக்கலாம்னுதான சொன்னேன்."

"பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"மெஷின் சத்தத்துல உனக்குக் காது அடச்சிருக்கும் பிள்ள. பாக்கலாம். பா, க்க, லாம்."

தமிழ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்குகிறேன், கட்டுரைப் பகுதி கொஞ்சம் இருந்தால்தான் மலர்க்குழு மதிக்கும். பாக்கலாம் என்பது, இல்லை என்பதற்கு இஸ்திரி போட்ட சட்டை. பெண் பார்த்துவிட்டு, பலகாரத்தையும் முடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வது. பாத்துக்கலாம் அப்படியில்லை. சாப்பாட்டுக் கடையில் பணம் எடுக்கப் பைக்குள் கைவிடுகிற நண்பனின் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்வது. ஒன்று கையைக் கழுவுகிறது, மற்றது கையைக் கொடுக்கிறது. நடுவில் இருப்பதோ ஒரே ஒரு 'த்து'. பத்திரங்களில் முத்திரை குத்துகிற நாட்டில் நாம் இந்த 'த்து'வை நம்பித் தரையை உடைக்கிறோம்.

அந்தத் 'த்து'வின் விலை, இளமதியின் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு மாதச் சம்பளம். அதை அவள் தன் சேமிப்பிலிருந்து எடுத்து ஏற்கெனவே போட்டுவிட்டாள். போட்டதற்கான ஆதாரத்தைத் துரத்தித் துரத்தி வாங்கிக் கோப்பில் வைத்தது டானியலாதான்.

சைபர் போட்டால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் தயாராக இருந்தது: எழுத்துமூல உத்தரவு இல்லை. டானியலா அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்து பார்த்தாள். அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அதை அழித்தாள். ஒரு பொய்கூட இல்லாத வாக்கியத்துக்குக் கீழே தன் பெயரைப் போட்டு, தன் இரண்டு காதாலும் கேட்டதை நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட முடியும். சரியான தொகையைப் போட்டாலோ, மாமா காசோலையில் கையெழுத்துப் போட மாட்டார். அவர் வாயால் அவரே சொன்னாலொழிய அந்த வரி நகராது.

அன்று மதியம் இளமதியின் குரல்செய்தி வந்தது. டானியலா ஒலியைக் குறைக்க மறந்தாள், நான் ஞாபகப்படுத்தவில்லை.

"டானி, நீ எனக்காக உன் மாமாகிட்டச் சண்ட போட வேணாம். உன் வேலை உனக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவர் சொன்னது உனக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

டானியலா பதில் அனுப்பவில்லை. முட்டையை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிட்டாள். அவள் முட்டையை ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

5

இங்கே என் கதாபாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

இதுவரை எழுதியதை டானியலாவிடம் காட்டினேன். மூன்றாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆன்ட்டி, இத மாத்துங்க."

"எத?"

"மாமா பேசுற இடம். 'பாக்கலாம்'னு போடுங்க."

கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். "ஏம்மா, நீதான பாத்துக்கலாம்னு கேட்டேன்னு சொன்ன?"

"கதைதான ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் சேத்துக்குங்க. 'பட்ஜெட் இல்லம்மா, காச அப்புறம் பாக்கலாம்.' அப்டியே மாமா பர்ஸ உள்ளாற வைக்கிற மாதிரி."

"அவர் பர்ஸே எடுக்கலியே."

"எடுக்காமலே வைக்கட்டும்."

சிரிக்காமல் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெண் பயந்துவிட்டாள். மாமா படித்தால் கோபித்துக்கொள்வார், இளமதி படித்தால் சாட்சிக்கு இழுப்பாள், அதனால் அச்சில் வருகிற இடத்திலேயே உண்மையைத் தேய்க்கப் பார்க்கிறாள். இவளை நேர்மையான பெண்ணாக எழுத ஆரம்பித்து இரண்டு பக்கம் வீணாக்கிவிட்டேனே என்று இருந்தது. நாயகியை இளமதியாக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் முதலிலிருந்து எழுத வேண்டும். தீபாவளித் துணி வேறு குவிந்து கிடந்தது.

அவள் கேட்டபடியே ஒரு பிரதியை மாற்றி எழுதினேன். நீங்கள் மேலே படித்தது மாற்றாத பிரதி. இரண்டையும் வைத்துக்கொள்வது என் பழக்கம், துண்டுத் துணியைக்கூட நான் எறிவதில்லை.

"ப்ளவுஸ் ட்ரையலுக்கு இளமதி அக்கா எப்ப வர்றாங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இதற்கு முந்தின நாளும் இதையே கேட்டாள். ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. மூக்கை எல்லாவற்றிலும் நுழைக்கிறவளுக்கும் சில சமயம் சளி பிடிக்கும்.

6

நம்பிக்கை போன பிறகு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

டானியலா வேலையை உதறிவிட்டு இளமதியின் வேனில் ஏறி உட்லண்ட்ஸ் நோக்கிப் போகிறாள், காற்றில் அவள் கூந்தல் [அவளுக்கு முடி தோள்வரைகூட இல்லை. அதுவுமில்லாமல் வீட்டுக் கடனுக்கு இப்போதுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், வேலையை எப்படி விடுவாள்.]

விவகாரம் நடுவரிடம் போகிறது, நடுவர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றி [அந்த விசாரணை பெரும்பாலும் தாளிலேயே நடக்கும் என்றாள் டானியலா. தாள்கள் பேசிக்கொள்கிற கதையை யார் படிப்பார்கள்.]

திருவிழா அன்று ஜூலியஸ் மனம் மாறி, கண்ணில் நீர் மல்க இளமதியைப் பார்த்து [திருவிழா அன்று அந்த மனிதர் ஒலிபெருக்கியைவிட்டு நகர மாட்டார். யாராவது தொட்டுவிடுவார்களாம்.]

மூன்றும் குப்பை. அந்த வாரமே பதில் போட வேண்டிய கடைசி நாளும் வந்துவிட்டது. மேலே டானியலா, சைபருக்கும் தொகைக்கும் நடுவில் அந்த வரியைக் காலியாகவே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு பேண்ட்டின் ஓரம் மடித்ததைக் கொடுக்க மேலே போயிருந்தேன்.

7

அன்று மதியம் டானியலா என் வெட்டுமேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ட்ரையல் திரைக்குப் பின்னால் இளமதி, புது ப்ளவுஸின் முதுகில் நான் குத்திய குண்டூசிகளோடு அசையாமல் நின்றிருந்தாள். அப்போது ஜூலியஸ் கடைக்குள் வந்தார்.

"அக்கா, என்னைப் பத்தி ஏதோ எழுதுறீங்களாமே. டானியலா சொன்னா. பின்னட்டை குடுத்தவன் ஒரு தடவ படிச்சுப் பாக்கக் கூடாதா?"

டானியலா மேசையிலிருந்த பிரதியை எடுத்து அவரிடம் நீட்டினாள். மாற்றிய பிரதி.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். மற்றவர்கள் பேசுவதை மனதுக்குள்ளும் தன் வரிகளைச் சத்தமாகவும் படிக்கிற மனிதர்.

"'பட்ஜெட் இல்லம்மா. நீ செய்யி. காச அப்புறம் பாக்கலாம்.'" நிறுத்தினார். மறுபடி படித்தார். "யாருங்க இது?"

"நீங்கதான்," என்றேன்.

"நானா? 'பட்ஜெட் இல்லம்மா'வா? இந்த வார்த்தைய நான் என் வாழ்க்கைல சொன்னதில்ல. ஏதோ நன்கொடை கேட்டு வந்தவங்களத் தொரத்துற மாதிரி இருக்கு. இது என்ன, பர்ஸ உள்ள வைக்கிறேன்? நான் எப்ப பர்ஸ எடுத்தேன்?"

"கதைதானே ஜூலியஸ்."

"கதைன்னா? பூசைக்கு வர்ற அத்தன பேரும் படிப்பாங்க. பின்னட்டைல சிரிச்சிட்டு நிக்கிறேன், உள்ள திருப்பினா கஞ்சப்பிசினாறி. எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

டானியலா சோற்றிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அப்ப நீங்க எப்டிப் பேசுவீங்க மாமா? கரெக்ட் பண்ணிக் குடுங்க, ஆன்ட்டி மாத்திடுவாங்க."

"இந்தாங்க, எழுதிக்குங்க." காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். வலது கையை, பேருந்தை நிறுத்துகிற மாதிரி இல்லாமல், குழந்தைக்கு ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரித் தூக்கினார். வாசகம் வாசிக்கிற குரல் வந்தது. "'எழுதுறதெல்லாம் அப்புறம் மதி. அவன் கத்துறான் பாரு. நீ செஞ்சிடு, பாத்துக்கலாம்.' இப்படித்தான் சொல்லுவேன். இதுதான் நான். இதுல ஒரு கம்பீரம் இருக்குல்ல?"

"ரொம்ப இருக்கு பாஸ்," என்றது திரை.

ஜூலியஸின் கை அப்படியே நின்றது. திரையின் ஓரத்திலிருந்து இளமதியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"கையக்கூட அன்னிக்கு இதே மாதிரிதான் வச்சிருந்தீங்க," என்றாள்.

"இது," என்றார் ஜூலியஸ், "கதைக்கு."

"சரி மாமா," என்றாள் டானியலா. "கதைல இத யாரு சொல்றது?"

"நான்."

"எங்க?"

"தஞ்சோங் பகார்ல. பேன்ட்ரி வாசல்ல."

"அங்க அப்ப வேற யாரெல்லாம் இருந்தா?"

"மதி இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம். உள்ள மெஷின் ஓடிட்டு," என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் ஓரம் அடிக்கிற இன்டர்லாக் மெஷினைப் பார்த்தேன், அது ஒன்றும் சொல்லாது என்பதால். டானியலா எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து மாமா எதிரில் நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு மாமா. அன்னிக்கே கேட்டுச்சு. இன்னிக்கு அந்தப் பதில்ல என் பேரப் போடணும். கேக்கலன்னு என்னால போட முடியாது."

முட்டையை ஒதுக்கிய நாளிலிருந்து சேர்த்துவைத்த வார்த்தைகள். பார்வையை எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பயந்துபோய் மாற்றச் சொல்லவில்லை. மாமாவைப் பொய்யன் என்றால் வாதாடுவார். கஞ்சன் என்றால்தான் திருத்துவார். அந்தத் திருத்தத்துக்காகத்தான் என்னை எழுத வைத்தாள், ட்ரையல் நேரத்தைக் கேட்டாள், பிரதியை எடுத்து நீட்டினாள். இதுநாள்வரை நான்தான் இவளை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் நூலிலேயே என்னையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

ஜூலியஸ் கையைக் கீழே இறக்கினார். அவர் தோள் முதலில் குலுங்கியது, அப்புறம் வயிறு. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"என் அக்கா வயித்துல பொறந்து, என் ஆபீஸ்ல சம்பளம் வாங்கி, தையல் கடைல வச்சு என்னை அளவெடுத்திருக்கா பாருங்க."

"அளவு கரெக்ட்டா பாஸ்?" என்றாள் இளமதி.

"நீ பேசாத மதி. உன்ன இங்க யாரு ஒளிஞ்சு நிக்கச் சொன்னா?"

"ஒளியல பாஸ். ஊசி குத்தியிருக்கு, நகர முடியல."

சிரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயம் வந்தது. பேன்ட்ரி வேலைக்கு மருத்துவமனைக்காரரிடம் ஜூலியஸ் கூடுதல் பணம் கேட்டிருந்தார். அவரும் வாயால் சொன்னதோடு சரி.

"'ஓகே லா, சீ ஹவ்' அப்டின்னாரு. நானும் ஓகேன்னு நெனச்சுட்டேன். பத்து நாளா போன எடுக்கல. அதான் மதி, உங்கிட்ட மழுப்பினேன். அவன் பாத்துக்கலாம்னு சொன்னத நம்பி நான்—"

"மாமா," என்றாள் டானியலா மெதுவாக. "'சீ ஹவ்'னா அது பாத்துக்கலாம் இல்ல. பாக்கலாம்."

ஜூலியஸ் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ச்சே," என்றார்.

"அவர் குடுத்தாலும் குடுக்காட்டியும் மதி அக்காவுக்கு நாம குடுக்கணும். மேல காசு வந்தாத்தான் கீழ தருவேன்னு சொல்றது சட்டப்படி செல்லாது. அவருக்கு நான் தனியா கிளெய்ம் எழுதுறேன். அவரும் எழுத்துல பதில் போடட்டும்."

"போடு," என்றார் ஜூலியஸ். "ரெண்டையும் போடு. மதி வரிக்கு முழுசா போடு. நான் கையெழுத்துப் போடறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பர்ஸ மட்டும் எடுத்துடுங்க அக்கா."

8

எல்லாரும் மேலே போனார்கள். நானும் போனேன். இளமதியின் முதுகில் இன்னும் குண்டூசிகள் இருந்தன, அவற்றை யார் எடுப்பது.

டானியலா பதிலைத் திறந்து, காலியாகக் கிடந்த வரியில் முழுத் தொகையைத் தட்டினாள், கீழே தன் பெயரைப் போட்டாள், அனுப்பினாள். அனுப்பும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் கதை அச்சில் வந்தபோது எனக்கு அப்படி இருந்தது என்று எழுதலாம், ஆனால் இது அவள் கதை. இளமதி அவள் தலையில் லேசாகக் குட்டி, "ஒரு மெசேஜுக்குப் பதில் போட எவ்ளோ நேரம்டி உனக்கு," என்றாள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் டானியலா விடுகிறவள் இல்லை.

"எழுத்துல உத்தரவு இல்லாமக் காசு குடுத்தா ஆடிட்டர் கேப்பாரு. வாயால சொன்ன உத்தரவ இப்பவாவது கடிதமா எழுதிக் கோப்புல வைக்கணும் மாமா. நீங்க சொன்ன வார்த்தை அப்டியே வரணும். இங்கிலீஷ்ல."

"அதுக்கென்ன, எழுது," என்றார் ஜூலியஸ்.

டானியலா எழுதினாள், மேற்கோள் குறி போட்டாள், விரல்களைத் தூக்கிக்கொண்டாள்.

"பாத்துக்கலாமுக்கு என்ன போடறது?"

"வீ வில் சீ," என்றார் ஜூலியஸ்.

"அது பாக்கலாம் பாஸ்," என்றாள் இளமதி. "நீங்க மறுபடியும் அங்கயே போறீங்க. 'ஐ வில் பே'ன்னு போடச் சொல்லுங்க."

"பே-ன்னு நான் சொல்லவே இல்ல. அவ்ளோ நேரடியா காசப் பத்திப் பேசுறவன் இல்ல நான்."

"'வீ வில் டேக் கேர்,'" என்று நான் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

"ஆஸ்பத்திரில சேத்த மாதிரி இருக்கு ஆன்ட்டி."

"டோன்ட் வொரி?" என்றேன் மறுபடி.

"அதுல பொறுப்பே இல்லையே."

"பாத்துக்கலாம்னே இங்கிலீஷ் எழுத்துல போட்டுடு."

"ஆடிட்டர் 'தயவுசெய்து விளக்கவும்'னு திருப்பி அனுப்புவாரு மாமா."

மலர்க்குழுவிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள், முடிவு எங்கே என்று. என்னிடம் இல்லை. நான் கிளம்பும்போதும் மேலே அவர்கள் மூவரும் சிரித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தார்கள். யாரோ பரோட்டா வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தின் மற்ற வரிகள் எல்லாம் தயார்: நாள், இடம், பேன்ட்ரி, யார் சொன்னது, யாரிடம் சொன்னது. மேற்கோள் குறிகளுக்கு நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை.

இரண்டு மொழியும் தெரிந்தவர் நீங்கள். அதை நீங்கள் முடித்துக்கொடுங்கள். காசு என்ற வாடை வரக்கூடாது, ஆனால் காசு வந்துவிட வேண்டும். கழன்றுகொள்ள வழி இருக்கக்கூடாது, ஆனால் கட்டிப்போட்ட மாதிரியும் தெரியக்கூடாது. சொல் கிடைத்தால் கடைப்பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள், நான் மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஜூலியஸ் அதைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பார், கையையும் தூக்கிப் பார்ப்பார். கை பொருந்தினால் கையெழுத்துப் போடுவார்.

"________"